லூர்துமேரி மேடம் தரையில் உட்கார்ந்த நாள்

மூன்றாம் பாடவேளை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் பாய் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மங்கலம்பேட்டையில் அவர் கடையை விட்டு இறங்கி வந்தால் வளைகுடாவிலிருந்து யாருக்கோ போன் என்று அர்த்தம். பாதிப் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கும் தங்கள் அத்தாவாக இருக்குமோ என்று ஆசையோடு எழுந்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "சார், விருத்தாசலத்துலேர்ந்து போனு. உங்க மேடம் தவறிட்டாங்களாம்." எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. அந்த பூத்தில் நின்று நான் மாதம் தவறாமல் பேசியது ஒருவரோடுதான்.

விருத்தாசலம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் நடத்திய லூர்துமேரி மேடம் இறந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சிறுநீரகம் கெட்டு, ஒரு வருடமாகப் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். வசதியுள்ளவர்கள் சென்னைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிற நோய் அது. அவருக்குக் கிடைத்தது கூட்டம் நெரியும் பஸ்ஸும், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பும்தான். இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்ததும் சிலர் பேசினார்கள். கடைசியாகப் பேசியவர், நம் பயிற்சி மாணவிகள் பாடம் எடுத்துப் பழகப் போகும் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "அந்த அம்மா ஒரு கொழந்த மாதிரி. அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாங்க. எல்லாருக்கும் ஒரு தாய்" என்றார். கூட்டம் தலையாட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் அதிர்ந்து பேசுவார். மேசையைத் தட்டிப் பேசுவார். அப்படிப் பேசியதை மற்றவர்களைவிட அதிகம் கேட்டவர் அந்தத் தலைமையாசிரியர்தான். செத்துப்போன பெண்ணைத் தாயாக்கிவிட்டால் அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் படித்த உங்களுக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அவர் எப்படி இருந்தார் என்பது தெரியும். தெரிந்ததை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்பதால் நான் எழுதுகிறேன்.

இந்த மங்கலம்பேட்டை வேலை கிடைப்பதற்கு முன், நான் அந்தப் பயிற்சிப் பள்ளியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தபோது தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. உளவியல் வகுப்பு என்றால் நம் ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'வளர்ச்சி என்பது அளவில் கூடுவது, மேம்பாடு என்பது தன்மையில் மாறுவது' என்று நோட்ஸ் சொல்வார்கள். பெண்கள் தலை குனிந்து எழுதுவார்கள். தேர்வில் அப்படியே இறக்கிவிட்டு, வேலைக்குப் போனதும் பிரம்பை எடுப்பார்கள். குழந்தையைப் பற்றி இரண்டு வருடம் படிக்கும் அந்த வகுப்பறைக்குள் ஒரு குழந்தையும் வராது.

லூர்துமேரி மேடம் வகுப்புக்குக் குழந்தையோடு வந்தார். பள்ளியைப் பெருக்கும் கன்னியம்மாவின் பெண் குழந்தை. தவழத் தொடங்காத வயது. மேசை மேல் துப்பட்டியை விரித்து உட்கார வைத்தார். கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்தார், வாங்கினார், அதன் கண்ணெதிரேயே கீழே வைத்து ஒரு துண்டால் மூடினார். குழந்தை துண்டை ஒரு கணம் பார்த்தது. பிறகு மின்விசிறியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

"பாத்தீங்களா? போச்சு" என்றார் மேடம். "கண்ணுக்குத் தெரியலன்னா இதுக்கு அந்தப் பொருளே உலகத்துல இல்ல. இன்னும் கொஞ்ச மாசம் போனா துண்டப் புடிச்சு இழுக்கும். அன்னிக்கு என்னா அர்த்தம்? கண்ணுல படாதத மனசுல வெச்சிருக்கக் கத்துக்கிச்சு. நம்ம யோசனைக்கெல்லாம் ஆரம்பம் அதான்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அந்தச் சமயம் விடுதியில் மோட்டார் கெட்டு, பெண்கள் குடத்தோடு தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள். "அப்ப மேடம், நாம இங்க தண்ணி இல்லாம கெடக்கறது மெட்ராஸ்ல இருக்கறவங்களுக்கு ஏன் மேடம் தெரிய மாட்டேங்குது?"

"அவங்க இன்னும் அந்த வயசுக்கு வரலடி" என்றார்.

வகுப்பு சிரித்து அடங்க நேரமானது. அதோடு அவர் விடவில்லை. மாதாமாதம் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு நாள் அது துண்டை இழுத்துக் கிலுகிலுப்பையை எடுத்தது. பெண்கள் கைதட்டினார்கள். குழந்தை பயந்து வீறிட்டு அழுதது. கன்னியம்மா ஓடிவந்து, "எம் புள்ளய வெச்சு என்னா பரிட்ச நடத்துறீங்க?" என்று கேட்டதும், "பாஸாயிட்டா கன்னிம்மா, அதான் அழுவறா" என்று மேடம் சொன்னதும் அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

நான் அவரோடு சண்டை போட்டவன். அதை மறைக்க வேண்டியதில்லை. அவருக்கும் அது பிடிக்கும். ஊழியர் அறையில் டீ வந்தவுடன் நான் ஆரம்பிப்பேன். மனம் வளர்வதற்குப் படிகள் உண்டு, இந்த வயதில் இது வரும், அந்த வயதில் அது வரும் என்றெல்லாம் அவர் நடத்துவது ஐரோப்பாவில் வயிறார உண்ட பிள்ளைகளைப் பார்த்து எழுதியது என்பேன். கருவேப்பிலங்குறிச்சியில் களை எடுக்கப் போகும் அம்மாவின் முதுகில் கிடக்கிற பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? முதலில் சோறு போடுங்கள், அப்புறம் மனதை அளக்கலாம்.

"ஏன் சார், பசிக்கிற புள்ளைக்கு மனசு கெடையாதா?" என்று திருப்பிக் கேட்டார். "சோறு போடச் சொல்லி நீங்க ஊர்வலம் போங்க, நானும் வரேன். ஆனா பசியோடவே அந்தப் புள்ள பேசக் கத்துக்குது, எண்ணக் கத்துக்குது, யாரு நல்லவங்க, யாரு அடிக்கறவங்கன்னு கத்துக்குது. அது வளர்றதுக்கு உங்க புரட்சி வர வரைக்கும் காத்திருக்காது."

பிறவியா சூழலா என்ற பழைய வாதத்திலும் அவர் எனக்கு இடம் கொடுத்ததில்லை. எல்லாம் சூழல்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். "ஒரே வூட்டுல, ஒரே கஞ்சியக் குடிச்சு வளர்ற ரெண்டு புள்ளைங்க ஏன் சார் ஒரே மாதிரி இல்ல? பொறக்கறப்பவே கொஞ்சம் கொண்டுகிட்டுதான் வருது. ஆனா கொண்டு வந்தத வாங்கி வெக்க நம்ம கையில எடம் இருக்கணும்" என்பார். நான் ஒப்புக்கொள்ளாமலே டீயைக் குடித்து முடிப்பேன்.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்புத் திறக்கும் நாளில் அந்தத் தொடக்கப்பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். அம்மாக்கள் வெளியே நின்று அழுவார்கள், பிள்ளைகள் உள்ளே அழும். அடங்குகிற வரை பிரம்பு பேசும். பயிற்சி மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போன லூர்துமேரி மேடம் கதவைத் திறந்தார். "எல்லாம் உள்ள வந்து உட்காருங்க. புள்ளைங்க வெளையாடப் போனதும் கொஞ்சங் கொஞ்சமா வாசப்பக்கம் நகருங்க. ஆனா சொல்லாமக் கொள்ளாம ஓடிடாதீங்க. போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு வாங்க" என்றார். அம்மா இருக்கிறாள், திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை உள்ள பிள்ளைதான் அவளை விட்டு விலகிப் போகும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை ஒரு கதவில் செய்து பார்த்த ஆள் அவர்.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். "பள்ளிக்கூடமா இது, கல்யாண மண்டபமா மேடம்?"

"கல்யாண மண்டபத்துலகூட பொண்ணோட அம்மாவ வெளிய நிறுத்த மாட்டாங்க சார்."

அந்த வாரக் கடைசியில் ஒன்றாம் வகுப்பில் அழுகைச் சத்தம் இல்லை. அடுத்த வருடம் தலைமையாசிரியரே கதவைத் திறந்து வைத்துவிட்டு, அது தன் யோசனை என்று எல்லோரிடமும் சொன்னார்.

அந்தப் பள்ளியில் சேர்க்கைக்கு இன்னொரு பரீட்சை உண்டு. நீங்களும் நானும் தேறி வந்த பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த வருடம். மேடத்துக்கு அதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். "கை நீளத்த அளந்து மூளைய எட போடறாங்க. சத்தில்லாத புள்ளைக்குக் கை குட்டையா இருக்குது, அதுக்கு ஒரு வருஷம் தண்டன" என்பார். குழந்தையின் அறிவைப் பார்ப்பதற்குச் சரியான வழிகள் இருக்கின்றன, அவை தனக்குத் தெரியும் என்ற உறுதி அவருக்கு இருந்தது. அந்த உறுதிதான் அவரை ஒரு முறை சறுக்க வைத்தது. இந்த அஞ்சலியில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

அஞ்சலை என்று ஒரு பெண் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். வயதுக்கு அவள் நான்காம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். அம்மா பச்சையம்மாள் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பொம்மைக்குப் பிசிறு சீவுகிறவர். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கத்தியால் வழித்து வழவழப்பாக்குவது அந்த வேலை. அப்பா என்று ஒருவர் இருந்தார், திருப்பூர் பக்கம் போனவர் வரவில்லை. அஞ்சலை பாதி நாள் பள்ளிக்கு வருவாள், பாதி நாள் அம்மாவோடு கம்பெனிக்குப் போவாள். பள்ளியில் வாயைத் திறக்க மாட்டாள்.

தலைமையாசிரியர் அவளோடு சேர்த்துச் சில பிள்ளைகளைப் பதிவேட்டிலிருந்து கழித்துவிட நினைத்தார். "எல்லாம் அந்தத் தெருப் புள்ளைங்க. ஏறாது மேடம். சும்மா பேர ரொப்பிக்கிட்டு இருக்குதுங்க" என்றார். எந்தத் தெரு என்று அவரும் சொல்லவில்லை, கேட்பவர்களும் கேட்கவில்லை. நம் ஊரில் அது எல்லோருக்கும் விளங்கும். கழித்துவிட்டால் அஞ்சலைக்கு மறுநாளே வேலை தயார். சின்ன விரல்கள் பொம்மையின் காதுக்கும் கழுத்துக்கும் நடுவில் நன்றாகப் போகும் என்று கம்பெனிக்காரர் அவள் அம்மாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

கழிப்பதற்கு முன் நான் பார்க்கிறேன் என்று லூர்துமேரி மேடம் முன்வந்தார். காப்பாற்றத்தான் போனார். தலைமையாசிரியர் அறையிலேயே நடந்தது. மேசைக்குப் பின்னால் பிரம்போடு அவர், முன்னால் மேடம், நடுவில் பிள்ளை. நான் ஓரத்தில் நின்றேன். சோதனை எளிமையானது. ஒரே அளவில் இரண்டு களிமண் உருண்டைகள். இரண்டும் சமம்தானே என்று கேட்டு, பிள்ளை ஆமாம் என்ற பிறகு, ஒன்றை மட்டும் பாம்பு மாதிரி நீளமாக உருட்ட வேண்டும். இப்போது எதில் மண் அதிகம், எதில் குறைவு, இல்லை இரண்டிலும் ஒன்றா என்று கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் நீளமானதில் அதிகம் என்பார்கள், அல்லது ஒல்லியாக இருப்பதால் குறைவு என்பார்கள். பார்வை அவர்களை ஏமாற்றும். ஏழு, எட்டு வயதுக்கு மேல் பெரும்பாலும், உருவம் மாறினாலும் அளவு மாறாது என்று பிடிபட்டுவிடும்.

அஞ்சலை உருட்டிய மண்ணைத் தொட்டாள். "இது கொறையும்" என்றாள்.

மேடம் இன்னொரு முறை கேட்டார். "இதுதான் கொறையும்." அடுத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டியபோது அவள் வாயையே திறக்கவில்லை. வெளியே இன்னும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "எத்தினி பேரு மேடம் இருக்குது?" என்று தலைமையாசிரியர் அவசரப்படுத்தினார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

முடிவில் மேடம் தயங்கித்தான் சொன்னார். "மத்த புள்ளைங்க நல்லாதான் இருக்குது சார். அஞ்சலை மட்டும் வயசுக்குக் கொஞ்சம் பின்தங்கி இருக்கா. தனியா கவனிச்சா..." மீதியைக் கேட்கத் தலைமையாசிரியர் தயாராக இல்லை. மற்ற பிள்ளைகள் தப்பின. அஞ்சலையின் பெயர் போனது. கழித்தது பிரம்பு இல்லை, சைக்காலஜி. அதனால் யாரும் குறை சொல்ல முடியாத கழிப்பு.

இரண்டு வாரம் கழித்துப் பயிற்சி மாணவிகளைத் தொழிற்பேட்டைக்குக் கூட்டிப் போனோம். சுற்றுப்புறக் கல்விக்காக வருடா வருடம் போவதுதான். பலகைகளில் பொம்மைகள் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் அஞ்சலை கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் பேசாத அந்தப் பெண் அங்கே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். வேலை செய்யும்போது தனக்குத் தானே, "மெதுவா, மெதுவா, கழுத்து ஒடஞ்சிரும், இந்தப் பக்கம் திருப்பு" என்று சொல்லிக்கொண்டே சீவினாள். மேடம் நின்றுவிட்டார். பிள்ளைகள் வாய்விட்டு யோசிக்கும் வழி அது என்று அவர்தான் நமக்கெல்லாம் நடத்தியிருக்கிறார்.

அப்போது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு வாண்டு கழிவு மண்ணைக் கயிறு மாதிரி உருட்டியது. அஞ்சலை அதட்டினாள். "ஏய், அவ்ளோ மெல்லிசா உருட்டாத. சீக்கிரம் காஞ்சி சுண்டிப் போயிரும்."

மேடம் புடவையைச் செருகிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வெள்ளை மண் தூசி படிந்த சிமெண்டுத் தரை. மாணவிகள் வாய் பிளந்து நின்றார்கள். அவர் ஒரு பிடி மண்ணை எடுத்து இரண்டு உருண்டை பிடித்தார், அஞ்சலையிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். அவள் இரண்டையும் இரு கையில் ஏந்திப் பார்த்து, ஒன்றிலிருந்து துளி கிள்ளி மற்றதில் ஒட்டினாள். "இப்ப சரி" என்றாள். மேடம் ஒன்றை உருட்டினார்.

"அன்னிக்கு இது கொறையும்னு சொன்னியே. ஏன் அஞ்சலை?"

"காஞ்சா கொறையும். பொம்மையும் அப்பிடித்தான். அச்சுலேர்ந்து எடுக்கறப்ப பெருசா இருக்கும், சூளையில போயி வந்தா சின்னதாயிரும். உருண்டையும் கொறையும், ஆனா லேட்டாவும். இது மெல்லிசு, இது மொதல்ல கொறையும்."

"சரி. காயறதுக்கு முன்னாடி? இப்ப, இந்த நிமிஷம்?"

அஞ்சலை அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு படித்த அம்மாவுக்கு இதுகூடவா தெரியாது என்கிற பார்வை. "இப்ப ரெண்டும் ஒண்ணுதான. நீங்க உருட்டத்தான செஞ்சீங்க? கிள்ளியா எடுத்தீங்க?"

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பதில் பெரியவர்கள் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் பதில். எதையும் எடுக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை, ஆகவே மாறவில்லை. அதற்கு மேலே ஒரு படி போய், நேரம் ஆக ஆக என்ன நடக்கும் என்றும் அவள் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். பீங்கான் ஊரில் மண் கட்டியைக் காட்டிக் கேள்வி கேட்டுவிட்டு, மண் காயும் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். அதைவிடப் பெரிது, ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சோதனையின் பாதி உயிர் அந்த 'ஏன்' என்ற கேள்வியில் இருக்கிறது. வகுப்பில் அதை ஆயிரம் முறை சொன்னவர் அவர்.

"தப்பு பண்ணிட்டேன் சார்" என்று எழுந்திருக்காமலே சொன்னார். மாணவிகள் முன்னிலையில் சொன்னார். பிறகு அவர்களைப் பார்த்து, "எழுதிக்காதீங்க. பாத்துக்கோங்க" என்றார்.

அதிலேயே கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தவறை உணர்ந்து கண் கலங்குகிற நல்லவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் நேராகப் பச்சையம்மாளிடம் போனார். நடந்ததைச் சொன்னார். பச்சையம்மாள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கு மக்குன்னீங்க. தலையாட்டுனோம். இன்னிக்குக் கெட்டிக்காரின்றீங்க. நாளைக்கு என்னா சொல்லுவீங்க? நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டே இருக்கணுமா நாங்க?"

"ஆட்டாதீங்க" என்றார் மேடம். "நான் சொன்னேன்னு நம்பாதீங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து வகுப்புல உட்காந்து நீங்களே பாருங்க. புடிக்கலன்னா கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

"வந்தா உள்ள விடுவாரா அவரு?"

"அது என் வேல."

தலைமையாசிரியர் விடவில்லைதான். "நீங்கதான மேடம் சொன்னீங்க?" என்றார். தப்பாகச் சொன்னேன் என்றார் இவர். "இப்பிடி மாத்தி மாத்திப் பேசுனா உங்க பேரு என்னாவுறது?" என்று தலைமையாசிரியர் அக்கறையோடு கேட்டார். மேடம் பையிலிருந்து ஈரக் களிமண்ணை எடுத்து, அவர் கண்ணெதிரே உருண்டை ஒன்றும் கயிறு ஒன்றும் செய்து, வெயில் விழும் ஜன்னல் கட்டையில் வைத்தார். கயிற்றின் இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டார். மாலை மணி அடித்தபோது கயிறு இரண்டு கோட்டையும் விட்டு உள்ளே சுருங்கிக் கிடந்தது. உருண்டை இன்னும் ஈரமாக இருந்தது. தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். "சரி, சுருங்குது. இதுக்கும் வாய்ப்பாட்டுக்கும் என்னா மேடம் சம்பந்தம்?" என்றார்.

நான் மனு எழுதலாம், மேலே புகார் செய்யலாம் என்று குதித்தேன். "மனுவ நீங்க எழுதுங்க சார், அது போயிச் சேர்றதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்று என்னை உட்கார வைத்தார். பிறகு மேசையைத் தட்டினார். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. "சார், உங்க பள்ளிக்கூடத்துல ஆள் இல்லாம ரெண்டு வகுப்ப எங்க பொண்ணுங்கதான் நடத்துறாங்க. திங்கக்கெழமை அஞ்சலை பெஞ்சுல இல்லன்னா எங்க பொண்ணுங்களும் இருக்க மாட்டாங்க. வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறோம்."

திங்கட்கிழமை அஞ்சலை பெஞ்சில் இருந்தாள். தலைமையாசிரியரை மாற்றியது குழந்தை உளவியல் இல்லை, ஆள் பற்றாக்குறை. அதிர்ந்து பேசாத அம்மா என்று கல்லறையில் அவர் சொன்னபோது எனக்கு ஏன் எரிந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவான வேலை. அஞ்சலைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி மாணவியை உட்கார வைத்தார். "அவளே செய்யறத நீ செய்யாத. அவளால முடியவே முடியாததக் குடுத்து அழ வைக்காத. பக்கத்துல ஆள் இருந்தா முடியும், இல்லன்னா முடியாதுன்னு நடுவுல ஒரு எடம் இருக்கும். உனக்கு வேல அங்கதான். அவளுக்கு வந்ததும் கைய எடுத்துடு" என்றார். அச்சு, சூளை, மண், காது, கழுத்து என்று அவள் கை அறிந்த சொற்களில் எழுத்துப் பழக்கினார்கள். பச்சையம்மாள் சில நாள் மதியத்தில் கையில் வெள்ளைத் தூசியோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். மகளைத் திரும்பக் கூட்டிப் போகவில்லை. வீட்டில் ஒரு ஆள் கூலி குறைந்ததை அவர்தான் தாங்கினார். அதையும் மறக்கக் கூடாது.

அடக்கத்துக்கு அஞ்சலை வந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் ஒரு முறை தவறி, மீண்டும் எழுதித் தேறினாள். சனிக்கிழமைகளில் இன்னும் கம்பெனிக்குப் போகிறாள். மேதை ஆகிவிட்டாள் என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். குழியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது அவள் தன் பிடியை விரல்களால் ஒரு முறை பிசைந்து பார்த்துவிட்டுத்தான் போட்டாள். தலைமையாசிரியர் பேசி முடித்ததும் என் அருகே வந்து, "யாரப் பத்தி சார் பேசுனாரு அவரு?" என்று கேட்டாள்.

மறுநாள் மங்கலம்பேட்டைக்குத் திரும்பினேன். மூன்றாம் வகுப்பில் 'எங்கள் குடும்பம்' என்று படம் வரையச் சொல்லி இருந்தேன். மும்தாஜ் என்ற பெண் கொண்டு வந்து நீட்டினாள். தாள் நிறைய அம்மா, பாட்டி, தம்பி, ஒரு ஆடு. மூலையில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஆண். ஆட்டின் குளம்பைவிடச் சின்னது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "ஆட்டவிட அப்பன் சின்னவனா? இந்தப் புள்ளைக்கு அளவே தெரியல சார்" என்றார். என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. அதைச் சட்டைப் பையில் செருகிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தா ஏன் இவ்ளோ சின்னதா இருக்காங்க மும்தாஜ்?"

"தூரத்துல இருக்காங்க சார். துபாய்ல. கிட்ட வந்ததும் பெருசா வரைவேன்."

லூர்துமேரி மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் நடத்திய கோட்பாடுகளை அல்ல. அவற்றில் பாதியோடு எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது. ஏன் என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்திருப்பதை எடுத்துக்கொண்டேன். அதோடு, வேண்டிய இடத்தில் எழுந்து மேசையைத் தட்டுவதையும்.